ஜெர்மனியில் முதுகலை: அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுவது எப்படி?

பொறியியல் இளங்கலையில் மூன்றாம் ஆண்டை முடிக்கப்போகும் மாணவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். ஜெர்மனிக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போனவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணைக் காரணம் காட்டுவார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் பலர் நழுவவிட்டது ஏதோ ஒரு காகிதம் பதினைந்து நாள் தாமதமாகக் கைக்கு வந்ததால்தான். நானும் அப்படி ஒரு பருவத்தை இழந்தவன் என்பதால், கீழே உள்ள படிகளைக் காலக்கணக்கை முன்னிறுத்தியே சொல்கிறேன்.

படி 1: நாட்காட்டியைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுங்கள்

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்றும், கோடைப் பருவம் ஏப்ரல் 1 அன்றும் தொடங்குவது வழக்கம். முதுகலைப் படிப்புகளில் பல குளிர்காலப் பருவத்தில் மட்டுமே மாணவர்களைச் சேர்க்கின்றன. கடைசித் தேதி என்று இணையத்தில் தேடினால் ஜூலை 15 என்ற விடைதான் முதலில் கிடைக்கும். அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பல முதுகலைப் படிப்புகளுக்கு நம்மைப் போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள மாணவர்கள் மார்ச் 1க்குள் விண்ணப்பிக்க வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பல படிப்புகளுக்கு மே 31. ஜூலை 15 வரை அவகாசம் தரும் படிப்பாகவே இருந்தாலும், அனுமதிக் கடிதம் ஆகஸ்டில் வந்து, அதன் பிறகு விசா வாங்கி, அக்டோபர் நடுவில் வகுப்பில் உட்காருவது பெரும்பாடு.

ஆகவே அக்டோபரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விசாவுக்கு மூன்று மாதம், பல்கலைக்கழகத்தின் பரிசீலனைக்கு இரண்டு மாதம், நம் சான்றிதழ்கள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் சான்றிதழுக்கும், எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துக் கல்வி நிறுவனம் தரும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் சேர்த்து மூன்று மாதம், படிப்புகளைத் தேடவும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதவும் மூன்று மாதம் என்று ஒதுக்கினால், ஏழாம் பருவத்திலேயே வேலையை ஆரம்பித்திருக்க வேண்டும் என்பது புரியும்.

படி 2: பெயரைச் சரிசெய்யுங்கள்

இது தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய சிக்கல். மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திக் எஸ்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் பெயர் ‘கார்த்திக்’ என்றும், குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பாவின் பெயரான ‘சுப்பிரமணியன்’ என்றும் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது நமக்குப் பார்த்தவுடன் தெரியும். முதலெழுத்து என்ற வழக்கமே இல்லாத ஊரில் கோப்பைப் பிரிப்பவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால் முதலெழுத்தை விரித்து எழுதியே எடுங்கள். குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், விண்ணப்பம் எதையும் தொடங்குவதற்கு முன்பே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ், ஏபிஎஸ், வங்கி என எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள். இனி ஜெர்மனியில் உங்களை எல்லோரும் ‘ஹெர் (திரு) சுப்பிரமணியன்’ என்று அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். முதல் சில வாரங்கள் அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

படி 3: படிப்பைத் தேர்ந்தெடுங்கள், மதிப்பெண்ணை மாற்றிப் பாருங்கள்

டிஏஏடி எனப்படும் ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில், ஆங்கிலத்தில் நடத்தப்படும் படிப்புகளைத் துறைவாரியாகத் தேடலாம். அதில் கிடைக்கும் பட்டியலைப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு படிப்பும் இளங்கலையில் எந்தெந்தப் பாடங்களை எத்தனை கிரெடிட் அளவுக்கு எதிர்பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் தொடக்கநிலையில் நடக்கும் பெரிய தவறு. கணிதத்தில் குறிப்பிட்ட கிரெடிட் குறைகிறது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல மாணவர்களும் நிராகரிக்கப்படுகிறார்கள்.

அடுத்தது மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்தது, 4.0 என்பது வெறும் தேர்ச்சி. பல படிப்புகள் 2.5 அல்லது அதைவிடச் சிறந்த மதிப்பைக் கேட்கின்றன. 10க்குக் கணக்கிடப்படும் நம் சராசரி மதிப்பெண்ணான சிஜிபிஏயை மாற்றுவதற்குப் பவேரியச் சூத்திரத்தின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். 10இலிருந்து உங்கள் சிஜிபிஏயைக் கழியுங்கள். அதை, 10க்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள்.

உங்கள் சிஜிபிஏ 7.6 என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பு 5 என்றால் விடை 2.44, அதுவே 6 என்றால் விடை 2.8. ஒரே மாணவர், ஒரே மதிப்பெண். முதல் கணக்கில் 2.5 என்ற எல்லைக்குள் வருகிறார், இரண்டாவதில் வெளியே நிற்கிறார். எனவே உங்களுக்குப் பொருந்தும் ஒழுங்குமுறையில் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பு எது என்பதைக் கண்டறிந்து, அது மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிடப்படவில்லையென்றால், கல்லூரியிலிருந்து ஒரு கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கடிதத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை.

படி 4: டிரான்ஸ்கிரிப்டும் ஏபிஎஸ் சான்றிதழும்

2022 நவம்பர் 1 முதல், இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்கும்போது ஏபிஎஸ் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்து டெல்லியில் உள்ள அலுவலகம் அதை வழங்குகிறது; கட்டணம் 18,000 ரூபாய். விசாவுக்குத்தானே என்று தள்ளிப்போட வேண்டாம். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே அதைக் கேட்கின்றன.

நான் சறுக்கியது இங்கேதான். டிசம்பரில் டிரான்ஸ்கிரிப்டுக்கு மனுக் கொடுத்தேன். கட்டணச் சலானின் ஒரு நகலை இணைக்காததால் மனு மேசையிலேயே கிடந்திருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிந்து நேரில் போய்க் கேட்டபோதுதான் அது தெரியவந்தது. டிரான்ஸ்கிரிப்ட் பிப்ரவரி இறுதியில் வந்தது; நான் விரும்பிய படிப்பின் தேதி மார்ச் 1. மனுக் கொடுத்த பத்தாவது நாளே நேரில் போய் விசாரியுங்கள், உறையிட்ட நகல்களை ஐந்தாகவே கேட்டு வாங்குங்கள். அரியர் இருந்தால் அதை முடித்த பிறகே இந்தப் படிக்கு வருவது நல்லது.

படி 5: விண்ணப்பம்

சில பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாகவும், சிலவற்றுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பின் வழியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். யூனி-அசிஸ்ட்டில் ஒரு பருவத்தின் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அங்கே சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்பதால், கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அனுப்புவது அனுப்பாததற்குச் சமம். நோக்க அறிக்கையில் சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்கு ஆர்வம் என்று தொடங்காமல், அந்தப் படிப்பின் எந்தப் பாடம் உங்கள் இறுதியாண்டு புராஜெக்டோடு எப்படித் தொடர்புடையது என்று எழுதுங்கள். இந்தப் படிக்குக் கன்சல்டன்சி தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தேவையில்லை என்பதே; படிவங்கள் எல்லாம் வங்கிப் படிவத்தைவிட எளியவை.

படி 6: பணம்

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல், முதுகலைக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வசூலிக்கிறது.

இதைவிடப் பெரிய தொகை பிளாக்டு அக்கவுண்ட். ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை அதில் முன்கூட்டியே போட வேண்டும்; அங்கே போன பிறகு மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்பி வரும். யூரோ 100 ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் கிட்டத்தட்ட 12 லட்சம். கடன் வாங்குவதாக இருந்தால், அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் பிப்ரவரியிலேயே வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தாவின் பெயரில் இருப்பது, வில்லங்கச் சான்றிதழில் பழைய அடமானம் ஒன்று தீர்க்கப்படாமல் நிற்பது போன்றவையெல்லாம் வங்கி வக்கீலின் மேசைக்குப் போன பிறகுதான் வெளிப்படும். அவற்றைத் தீர்க்க ஆகும் காலம் எந்த ஜெர்மானிய அலுவலகம் எடுக்கும் காலத்தையும் விட நீளமானது. இரண்டாம் ஆண்டுக்கு வசிப்பிட அனுமதியை நீட்டிக்கும்போதும் பணவசதியைக் காட்ட வேண்டியிருக்கும். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம் என்றாலும், முதல் பருவத்தில் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 7: விசா

அனுமதிக் கடிதம் வந்த அன்றே விசாவுக்கான வேலையைத் தொடங்குங்கள். அதற்குள் பிளாக்டு அக்கவுண்ட், ஏபிஎஸ், மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் தயாராக இருந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. கட்டணம் 75 யூரோ.

படி 8: அறையும் முதல் இரண்டு வாரமும்

மாணவர் விடுதிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் மிக நீளம் என்பதால், விண்ணப்பிக்கும் நகரங்களில் அனுமதி வருவதற்கு முன்பே பெயரைப் பதிய முடியுமா என்று பாருங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று எழுதும் எவருக்கும் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் அது நடக்காது. எனவே வாடகை ஒப்பந்தம் பேசும்போதே அந்தக் கடிதத்தைத் தருவாரா என்று கேளுங்கள்.

அங்கே தபால்காரர் முகவரியை மட்டும் பார்த்துக் கடிதம் போடுவதில்லை; தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும் பார்க்கிறார். நான் போன முதல் நாளே என் பெயரை அழகாக எழுதி ஒட்டினேன். வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் தனித்தனிக் கடிதங்களாக என் குடும்பப் பெயருக்கு வந்திருக்கின்றன. அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்று இரண்டுமே திரும்பிப் போயின. அன்று மாலையே ஒரு துண்டுச் சீட்டில் அப்பாவின் பெயரை எழுதி என் பெயருக்கு மேலே ஒட்டினேன். அடுத்த வாரம் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன.