குடலைக் காக்கும் லெக்டின்கள்: நம் பங்குக்கு என்ன செய்யலாம்?

லெக்டின் என்று தேடினாலே பயறு வகைகளை ஒதுக்கச் சொல்லும் வீடியோக்கள்தான் வருகின்றன. ஆனால் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்ளும் எந்தப் புரதமும் லெக்டின்தான், நம் குடலே அதைத் தயாரிக்கிறது.

சிறுகுடல் சுரக்கும் ரெக்3 வகை லெக்டின்கள் பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள சர்க்கரையைப் பிடித்து, அதன் சவ்வில் துளை போட்டுக் கொல்லும். குடல் சுவர் ஒற்றை அடுக்கு செல்தான் என்பதால் இந்தக் காவல் ரொம்ப முக்கியம். இந்த வகையில் ஒன்றான ரெக்3காமா இருக்கும் எலிகளில் சுவருக்கும் பாக்டீரியாக்களுக்கும் நடுவே சுமார் 50 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கிறது, அது இல்லாத எலிகளில் பாக்டீரியாக்கள் சுவரை ஒட்டியே வந்துவிடுகின்றன என்று அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் லோரா ஹூப்பரின் குழு 2011-இல் காட்டியது.

இந்த லெக்டின்களை மாத்திரையாக வாங்கிச் சாப்பிட முடியாது. சுரப்பைக் கெடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

முதலில் ஆன்டிபயாடிக். ரெக்3காமாவைச் சுரக்கத் தூண்டுவதே குடல் பாக்டீரியாக்கள்தான், அவற்றை மருந்து அழித்ததும் சுரப்பு குறைந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகியதை 2008-இல் எலிகளில் பார்த்தார்கள். அதனால் சளி, ஜலதோஷத்துக்கெல்லாம் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அடுத்து நார்ச்சத்து. அது கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடலின் கோழைப் படலத்தையே தின்ன ஆரம்பிக்கும், அந்தப் படலம்தான் லெக்டின்களோடு சேர்ந்து சுவரைக் காக்கிறது. கொண்டைக்கடலை, கேழ்வரகு, கீரை, அவரைக்காய், கொய்யா என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். குரோன் நோயால் (குடலில் நாள்பட்ட அழற்சி) குடல் குறுகியிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சரி, பயறு பயம்? அதில் உண்மை இருப்பது முக்கியமாக ராஜ்மாவில். வேகாத ராஜ்மாவின் லெக்டின் குடல் சுவரைத் தாக்கி வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், பிரஷர் குக்கரும் போதும். கொதிநிலையே வராத ஸ்லோ குக்கரில் மட்டும் நேரடியாகப் போடாதீர்கள்.