டிபிடி ஸ்கில்ஸ் வேலை செய்யலன்னு விடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

ரீல்ஸ்ல இப்ப எங்க பார்த்தாலும் டிபிடி, அதாவது டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, கட்டுக்கடங்காம வர்ற உணர்ச்சியைச் சமாளிக்க ஸ்கில்ஸ் கத்துக் குடுக்கற மனநல சிகிச்சை. கோபம் வந்தா ஐஸ் தண்ணியில முகத்தை வை, முடிஞ்சது கதைங்கற அளவுக்கு சுருக்கிட்டாங்க. சியாட்டில்ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து சைக்காலஜிஸ்ட் மார்ஷா லினஹன் இதை உருவாக்கினது திரும்பத் திரும்ப தற்கொலைக்கு முயற்சி பண்றவங்களுக்காக. 1991ல ஆய்வு முடிவு வந்துச்சு, 1993ல கையேடு வந்துச்சு, 2011ல அவங்களே வெளிப்படையா சொன்னாங்க, சின்ன வயசுல நானும் இதே நிலைமையில ஆஸ்பத்திரியில இருந்தவதான்னு. அதனால இது சும்மா கூல் ஆகறதுக்கான டிப்ஸ் இல்ல.

முதல் தப்பு அந்த ஐஸ் தண்ணியிலயே இருக்கு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு கண்ணும் கன்னமும் நனையற மாதிரி ஒரு அரை நிமிஷம் குளிர்ந்த தண்ணியில முகத்தை முக்கினா, முங்கு நீச்சல் அடிக்கறப்ப ஆகற மாதிரி ஹார்ட் பீட் கொறையும், அது நிஜம்தான் (அதனாலயே ஹார்ட் பிரச்சனை, ஈட்டிங் டிஸார்டர் இருக்கறவங்க, பீட்டா பிளாக்கர்ங்கற, ஹார்ட் பீட்டைக் கொறைக்கற மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம பண்ணவே கூடாது). ஆனா இது அந்த உச்சத்தை மட்டும் தாண்டறதுக்கு. காலி பண்ண வீட்டோட அட்வான்ஸை ஓனர் திருப்பித் தரலன்னு கொதிக்கறீங்கன்னா தண்ணி உங்களைக் கத்தாம இருக்க வைக்கும், அவ்ளோதான், பணத்தைக் கேட்டு வாங்க தனியா வேற ஸ்கில் இருக்கு, தெளிவா கேக்கறது, பேச்சு மாறினாலும் விடாம கேக்கறது, உறவும் கெடாம பாத்துக்கறதுன்னு. பலபேர் முதல் பாதியோட நிறுத்திட்டு அடுத்த வாரம் அதே ஓனர்கிட்ட அதே மாதிரி கொதிக்கறாங்க. இன்னொன்னு, நல்லா இருக்கற நாள்ல ஒருதடவை கூட பழகாம தலைக்கு மேல போன அன்னிக்கு முதல்முறையா ட்ரை பண்ணிட்டு இதெல்லாம் டுபாக்கூர்னு சொல்றது.

அடுத்தது ஆப்போஸிட் ஆக்‌ஷன், உணர்ச்சி எந்தப் பக்கம் இழுக்குதோ அதுக்கு எதிர்ப்பக்கம் போறது. இதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, நடந்தது என்ன, நான் நெனச்சுக்கிட்டது என்னன்னு பிரிக்கணும். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல, இது நடந்தது. அவளுக்கு என்னைப் புடிக்கல, இது நான் நெனச்சது. இங்க எதிர்ப்பக்கம் போகலாம், பத்து மெசேஜ் தட்டாம போனை வச்சிட்டு வேற வேலையைப் பாக்கலாம். ஆனா கை நீட்டற மனுஷன் முன்னாடி வர்ற பயம் சரியான பயம், அங்க போய் தைரியமா நிக்கறேன்னு ஸ்கில் காட்டக்கூடாது, பாதுகாப்பான இடத்துக்குப் போகணும்.

ராடிக்கல் அக்செப்டன்ஸ், அதாவது முழுசா ஏத்துக்கறதுங்கற ஸ்கில்லும் இப்படித்தான் கெட்டுப் போகுது. எல்லாம் தலையெழுத்து, அனுசரிச்சுப் போன்னு நம்ம வீடுகள்ல காலங்காலமா சொல்றதுக்குப் புதுப்பேரு மாதிரி ஆக்கிட்டாங்க, எனக்கு இதுதான் ரொம்ப எரிச்சல். நடந்தது நடந்துடுச்சுன்னு சண்டை போடாம ஒத்துக்கறதுதான் அது. அது சரின்னோ, மாத்தக்கூடாதுன்னோ அர்த்தம் கிடையாது.

முழு ட்ரீட்மென்ட்னா வாராவாரம் தனி செஷன், வாராவாரம் ஸ்கில்ஸ் குரூப், நடுவுல தெரபிஸ்ட்டுக்கு போன், தெரபிஸ்ட்டுகளுக்கே ஒரு டீம். ஸ்கில்ஸ் ஒரு ரவுண்டு முடிய 24 வாரம், பெரும்பாலும் ரெண்டாவது ரவுண்டும் உண்டு. அன்னன்னிக்கு வந்த உணர்ச்சி, பண்ணின ஸ்கில் எல்லாம் தினமும் எழுத வேண்டிய டைரி கார்டை செஷனுக்கு முந்தின ராத்திரி ரெக்கார்ட் நோட் மாதிரி மொத்தமா நிரப்பிட்டுப் போனா தெரபிஸ்ட் எதை வச்சுப் பேசுவாங்க? செவ்வாய்க்கிழமை சரியா தூங்கல, காலையில சாப்பிடல, மதியம் மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னாரு, சாயந்திரம் வெடிச்சாச்சு, இந்தச் சங்கிலியில எந்தக் கண்ணியை அடுத்தவாட்டி மாத்தலாம்னு பாக்கறதுலதான் பாதி சிகிச்சையே இருக்கு. தன்னைக் காயப்படுத்திக்கற எண்ணம் இருந்தா ஆப், யூட்யூப் வச்சு தனியா இதைப் பண்ண வேணாம், டாக்டரைப் பாருங்க, இந்தியாவுல அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் எடுப்பாங்க.

வீட்ல இருக்கறவங்க பண்ற தப்பு ஒன்னு இருக்கு. பொண்ணு அழுதுட்டு இருக்கும்போது "அதான் மாசாமாசம் காசு கட்டறோமே, அந்த ஸ்கில்லைப் பண்ண வேண்டியதுதானடி"ன்னு அம்மா சொல்லுவாங்க. "இதுக்கெல்லாமா அழுவாங்க"ன்னு முன்னாடி சொன்னதும் இதுவும் ஒன்னுதான். வலிக்குதுன்னு தெரியுதுடான்னு முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, அவ செஞ்சது தப்புன்னா அதை அப்புறமா, ரெண்டு பேரும் சாப்பிட்ட பிறகு பேசிக்கலாம்.