‘அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று முடியும் கட்டுரைகள்: செயல் கோரிக்கை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி

பதினோராம் வகுப்புக் கட்டுரைத் தாள்களைப் புரட்டிப் பாருங்கள். தலைப்பு நெகிழியாக இருந்தாலும் சாலை விபத்தாக இருந்தாலும் கடைசிப் பத்தி ஒன்றுதான்: ‘அரசு தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டும், மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், நாம் அனைவரும் ஒன்றிணைந்து செயல்பட வேண்டும்.’ மூன்று ‘வேண்டும்’ இருக்கிறது, ஒரு கோரிக்கைகூட இல்லை. யார் செய்வது, எதை, எப்போதைக்குள், எந்தப் பணத்தில் என்று கேட்டால் எழுதிய மாணவரிடமே பதில் இருக்காது. இந்தப் பழக்கத்தை மாற்ற நான்கு பாடவேளை போதும்: ஒன்று அடையாளம் காண, ஒன்று எழுத, இரண்டு அதற்கு வாதம் கட்ட. மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் இந்த முறை ஒத்துவரும்.

வாதத்தில் வரும் கூற்றுகளை உண்மைக் கூற்று, மதிப்பீட்டுக் கூற்று, கொள்கைக் கூற்று என்று பிரிப்பது வழக்கம். மூன்றாவதை வகுப்பில் ‘செயல் கோரிக்கை’ என்று சொல்லுங்கள். ‘கொள்கை’ என்றதும் பிள்ளைகள் கட்சிக் கொள்கையை நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் பாடவேளை: ஒரே விஷயம், நான்கு வாக்கியம்

வெவ்வேறு தலைப்புகளிலிருந்து உதாரணம் காட்டினால் மாணவர்கள் தலைப்பை வைத்தே வகையை ஊகித்துவிடுவார்கள். அதனால் ஒரே விஷயத்தை எடுங்கள். சென்னையில் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்தது பேருந்துப் படிக்கட்டுப் பயணம். கரும்பலகையில் இந்த நான்கையும் எழுதுங்கள்:

‘காலை எட்டு மணிக்கு இந்தத் தடத்தில் வரும் பேருந்துகளில் மாணவர்கள் படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்.’
‘பள்ளி நேரத்தில் போதுமான பேருந்து இல்லாததே இதற்குக் காரணம்.’
‘படியில் தொங்குவது பொறுப்பற்ற செயல்.’
‘மாநகர் போக்குவரத்துக் கழகம் இந்தத் தடத்தில் பள்ளி நாட்களில் காலை 7.30 முதல் 8.30 வரை கூடுதலாக இரண்டு நடை இயக்க வேண்டும்.’

முதலாவதை நேரில் போய்ப் பார்த்தே சரிபார்க்கலாம். இரண்டாவதும் உண்மைக் கூற்றுதான், ஆனால் அது காரணத்தைப் பற்றியது என்பதால் நிறுவுவது கடினம். மூன்றாவது நல்லது கெட்டது பற்றிய தீர்ப்பு. நான்காவது மட்டும்தான் ஒருவரைப் பார்த்து ‘இதைச் செய்’ என்கிறது.

பிறகு நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குப் பன்னிரண்டு துண்டுச் சீட்டு கொடுங்கள். வகைக்கு நான்கு வாக்கியம் இருக்கட்டும். சீட்டுகளைப் பிரிக்கப் பத்து நிமிடம், ஏன் அப்படிப் பிரித்தோம் என்று சொல்லப் பதினைந்து நிமிடம். நேரம் தட்டினால் பிரிப்பதைச் சுருக்குங்கள், விளக்குவதைச் சுருக்காதீர்கள். அடையாளம் காணும் திறன் அங்கேதான் உருவாகிறது.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மதிப்பீட்டுக் கூற்று சரளமாக வரும். ‘மகிழ்ச்சி தருவது கூட்டுக்குடும்பமா, தனிக்குடும்பமா’ என்ற தலைப்பில் நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகு யாரும் எதையும் செய்யத் தேவையில்லை. செயல் கோரிக்கை அப்படி முடிவதில்லை. அது ஏற்கப்பட்டால் மறுநாள் காலையில் யாரோ ஒருவருக்கு வேலை இருக்கிறது. வகுப்பில் பயன்படுத்த இதுவே நம்பகமான சோதனை: இந்த வாக்கியத்தை ஒரு கூட்டத்தில் தீர்மானமாக வைத்து வாக்கெடுக்க முடியுமா? நிறைவேறினால் முதல் வேலையைச் செய்யப்போவது யார்?

‘வேண்டும்’ காட்டும் தவறான வழி

‘வேண்டும்’ என்று முடிந்தால் செயல் கோரிக்கை என்று மாணவர்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதை முதல் நாளே உடைத்துவிடுங்கள். ‘இரவு மழை பெய்திருக்க வேண்டும்’ என்பது ஊகம், அதாவது உண்மைக் கூற்று. ‘டிக்கெட் இல்லாமல் பயணித்தால் அபராதம் கட்ட வேண்டும்’ என்பது ஏற்கனவே இருக்கும் விதியைச் சொல்கிறது, அதுவும் உண்மைக் கூற்றுதான். ‘பெரியவர்களை மதிக்க வேண்டும்’ என்பது அறிவுரை, மதிப்பீட்டின் பக்கம் நிற்பது. ‘எனக்கு இரண்டு நாள் லீவு வேண்டும்’ என்பது சொந்த விருப்பம். ‘மாணவர்களுக்கு மாதம் இரண்டு நாள் தயாரிப்பு விடுப்பைப் பள்ளி நிர்வாகம் அறிவிக்க வேண்டும்’ என்றால்தான் கோரிக்கை.

எதிர்த்திசையிலும் பயிற்சி தேவை. ‘வேண்டும்’ இல்லாமலே வரும் கோரிக்கைகள் ஏராளம். ‘குப்பைக் கிடங்கை மூடு!’ என்ற முழக்கம், ‘இந்தப் பள்ளி வாசலில் இன்னும் எத்தனை நாள் வேகத்தடை இல்லாமல் இருப்பது?’ என்ற கேள்வி, ‘கட்டணத்தைக் குறைப்பதே ஒரே வழி’ என்ற தலையங்க வரி எல்லாமே செயல் கோரிக்கைகள். மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இன்னொரு வகை: இருப்பது அப்படியே தொடரட்டும் என்பதும் செயல் கோரிக்கைதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லாப் பயணம் நடப்பில் உள்ளது. ‘இந்தத் திட்டம் எந்த மாற்றமும் இல்லாமல் தொடர வேண்டும்’ என்று எழுதுபவருக்கும், நிறுத்தச் சொல்பவருக்கு இருக்கும் அதே சுமை உண்டு. அவரும் காரணம் காட்டியாக வேண்டும்.

வீட்டுப்பாடமாக ஒரு நாளிதழின் தலையங்கத்தையும் வாசகர் கடிதங்களையும் கொடுத்து, செயல் கோரிக்கைகளை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள்.

இரண்டாம் பாடவேளை: கோரிக்கை வாக்கியம் எழுதுவது

நல்ல கோரிக்கைக்கு மாதிரி தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. 1920இல் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று போதும்: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு, ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்குவது. மன்றத் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் சொன்ன காரணம், அங்கே படிக்கும் பிள்ளைகள் மிக ஏழைகள், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்பது. அந்த ஒற்றை வாக்கியத்தை மாணவர்கள் கையால் பிரிக்கட்டும். யாருக்கு, எங்கே, என்ன, எவ்வளவு செலவுக்குள் என்று ஒவ்வொன்றும் தனியே கழன்று வரும். ‘பசியில்லாக் கல்விக்கு ஆவன செய்ய வேண்டும்’ என்று எழுதியிருந்தால் பிரிப்பதற்கு அதில் ஒன்றும் இருந்திருக்காது.

இனி அவர்களே எழுதட்டும். முதல் வரைவுக்கு இரண்டு விதி. ஒன்று, செயப்பாட்டு வினை கூடாது. ‘சாலை சீரமைக்கப்பட வேண்டும்’ என்ற வாக்கியத்தில் செய்பவர் ஒளிந்துகொள்கிறார். ‘சீரமைக்க வேண்டும்’ என்று மாற்றியதும் ‘யார்?’ என்ற கேள்வி தானாக எழும். இரண்டாவது, சில சொற்களுக்குத் தடை: நடவடிக்கை, விழிப்புணர்வு, தகுந்த, உரிய, ஆவன, போர்க்கால அடிப்படையில். இவற்றில் ‘விழிப்புணர்வு’தான் அதிகக் கெடுதல் செய்வது. கொசு, குடிநீர், போதை, போக்குவரத்து என எல்லாவற்றுக்கும் அதையே தீர்வாக எழுதிவிட்டு மாணவர் சிந்திப்பதை நிறுத்திவிடுகிறார். உண்மையிலேயே அறியாமைதான் காரணம் என்று ஒருவர் நினைத்தால், யாருக்கு எந்தத் தகவல் தெரியவில்லை, அதை யார் எங்கே சொல்வது என்று எழுதட்டும்.

‘யார்’ என்ற இடத்தில் ‘அரசு’ என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். பிழை மிகுதியாக வரும் இடம் இதுதான், சென்னையில் கவனமாகப் பார்க்கவேண்டியதும்கூட. தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலைகள் பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளன. மாநகரப் பேருந்து போக்குவரத்துக் கழகம். புறநகர் மின்ரயில் தெற்கு ரயில்வே, அதாவது ஒன்றிய அரசு. பெருக்கெடுத்த சாக்கடையைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதினால் அந்த மனு தவறான மேசைக்குப் போகும். குடிநீர் வாரியம் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மாநகராட்சிச் சாலையில் இருந்தால், இரண்டு அமைப்புக்கும் தனித்தனியே என்ன வேலை என்று இரண்டு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். இந்தப் பொறுப்புப் பட்டியலை வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். இல்லாவிட்டால் எல்லா மனுவும் முதலமைச்சர் பெயருக்கே போகும்.

வாக்கியத்தின் அளவையும் பாருங்கள். ‘தடை செய்ய வேண்டும்’ என்று எழுதும் மாணவரிடம் தமிழ்நாட்டின் நெகிழித் தடையைக் காட்டுங்கள். 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடையில் வணிகர்களுக்கு ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. நெகிழி முழுவதற்கும் தடை இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களுக்குத்தான். பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. அதன்பின் 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது, ஏனென்றால் பையைப் பறித்தால் கையில் வேறொரு பை கொடுக்க வேண்டும். தேதி, பட்டியல், விலக்கு, மாற்று ஆகிய நான்கும் இல்லாத தடைக் கோரிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூன்றும் நான்கும்: வாதம் கட்டுவது

கோரிக்கை முதல் பத்தியிலேயே வரட்டும். கடைசிவரை மறைத்துவைத்து முடிவில் அறிவிப்பது மேடைக்குப் பொருந்தும். எழுத்தில் அப்படிச் செய்தால், படிப்பவருக்கு எந்தக் கேள்விக்கான சான்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியாது. அதன்பின் நான்கு கேள்விகளுக்குப் பதில்: தீங்கு இருக்கிறதா, அது ஏன் தானாகத் தீரவில்லை, இந்த வழி அதைத் தீர்க்குமா, என்ன விலை கொடுக்க நேரும்.

மாணவர்கள் முதல் கேள்விக்கே முக்கால்வாசிப் பக்கத்தைச் செலவழிப்பார்கள். அதை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைக்கச் சொல்லுங்கள். சான்றை அவர்களே திரட்டலாம். ஒரு நிறுத்தத்தில் மூன்று பள்ளி நாட்கள், காலை 7.30 முதல் 8.30 வரை, பேருந்து வந்த நேரம், தடம் எண், படியில் நின்றவர் எண்ணிக்கை என்று அட்டவணை போட்டால் போதும். ‘ஏராளமானோர்’ என்ற சொல்லைவிட அந்த மூன்று நாள் அட்டவணைக்கு எடை அதிகம். அலுவலகத் தகவல் தேவைப்பட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். ஆகவே விண்ணப்பத்தைப் பருவத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் நல்ல வாதமும் மோசமான வாதமும் பிரிகின்றன. படிக்கட்டுப் பயணத்துக்கே திரும்பலாம். பேருந்து போதாமைதான் காரணம் என்றால் கூடுதல் நடை தீர்வாகும். பேருந்துக்குள் இடமிருந்தும் வீரம் காட்டத் தொங்குகிறார்கள் என்றால் கூடுதல் நடையால் பயனில்லை, தானியங்கிக் கதவுள்ள பேருந்து வேண்டும். கதவு மட்டும் பொருத்தி நடைகளைக் கூட்டாவிட்டால் படியில் நின்றவர்கள் நிறுத்தத்திலேயே நின்றுபோவார்கள். காரணத்தை ஒன்றாக எழுதிவிட்டு தீர்வை வேறொன்றுக்கு எழுதும் கட்டுரைகள் மிகுதி. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாணவரின் காரண வாக்கியத்தையும் கோரிக்கையையும் அடுத்தடுத்து வைத்து நடுவில் ‘ஆகவே’ போட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் அவருக்கே கேட்கும்.

செலவைப் பற்றிய கேள்விக்கு மறுபடியும் ஆயிரம் விளக்கு. அந்தச் சிற்றுண்டித் திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது, மாணவர் எண்ணிக்கையும் கூடியது. இருந்தும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்ய ஆங்கிலேய அரசு அனுமதிக்காததால் 1925இல் நின்றுபோனது. எவ்வளவு செலவு என்பதோடு எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் எழுத வைப்பது இதனால்தான். பள்ளி மாணவர் துல்லியமான பட்ஜெட் போடவேண்டியதில்லை. புதிய பேருந்து வாங்கச் சொல்கிறாரா, கூட்டம் குறைந்த நேரத்து நடையை மாற்றச் சொல்கிறாரா என்ற அளவில் தெளிவு இருந்தால் போதும்.

மறுப்பைக் கையாளும்போது பட்டிமன்றப் பழக்கம் மறுபடி தலைகாட்டும். எதிரணியை மட்டம்தட்டிக் கைதட்டு வாங்கும் பாணி இங்கே எடுபடாது, ஏனென்றால் எதிரே இருப்பவர்தான் கையெழுத்துப் போடவேண்டியவர். கிளை மேலாளரின் இடத்தில் ஒரு மாணவரை உட்காரவைத்து, ‘ஓட்டுநர் எங்கே? எந்தத் தடத்திலிருந்து பேருந்தை எடுப்பது? அந்தத் தடத்துப் பயணிகளுக்கு என்ன சொல்வது?’ என்று கேட்க வையுங்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் கோரிக்கையைச் சுருக்கலாம். இரண்டு நடை ஒன்றாகலாம், நிரந்தரம் என்பது மூன்று மாதச் சோதனை ஓட்டமாகலாம். மறுப்பைக் கேட்டுத் தன் கோரிக்கையைத் திருத்திய மாணவருக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள்.

இறுதி வடிவம் மனுவாகவே இருக்கட்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பு அவர்களுக்கு ஏற்கனவே பழக்கம். ‘பொருள்’ வரியில் கோரிக்கை முழுதாக அடங்கவில்லை என்றால் கோரிக்கை இன்னும் தெளியவில்லை என்று பொருள். இருபது மதிப்பெண்ணில் கோரிக்கை வாக்கியத்துக்கு 5, தீங்குக்கான சான்றுக்கு 3, காரணமும் தீர்வும் பொருந்துவதற்கு 5, செலவுக்கும் நடைமுறைக்கும் 4, மறுப்புக்கு 3 என்று பிரிக்கலாம். எழுத்துப்பிழைக்குத் தனி மதிப்பெண் வையுங்கள், இதில் கலக்க வேண்டாம். முதல் வரைவைத் திருத்தும்போது விடையை எழுதிக் கொடுக்காமல், ‘யார்?’, ‘எதிலிருந்து?’, ‘அதனால் எப்படித் தீரும்?’ என்று ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். இரண்டாம் வரைவுக்கு மூன்று நாள் விடுங்கள், பொறுப்பு அலுவலகம் எது என்று விசாரித்து வர அவ்வளவு நேரமாவது பிடிக்கும்.