ஏழு வருடம் படியேறியவள் சொல்லும் பயம் குறைக்கும் வழி

என் அலுவலகம் ஆறாவது மாடியில் இருக்கிறது. ஏழு வருடம் அங்கே படியேறியே போனேன். 132 படிகள். யாராவது கேட்டால் "உடம்புக்கு நல்லது" என்பேன். முழங்கால் வலிக்குப் பார்த்த மருத்துவர் "படியேறுவதைக் குறையுங்கள்" என்று சொன்ன நாளில் அந்தச் சாக்கு செல்லாமல் போனது. உண்மை இதுதான்: எனக்கு லிஃப்ட் என்றால் பயம்.

அச்சுக்குப் போகும் நூல்களில் பிழை திருத்துவது என் தொழில். ஒற்று மிகுமா மிகாதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவள். அந்தச் சமயத்தில்தான் ஓர் உளவியல் நூலின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. பிழை பார்க்க உட்கார்ந்தவள், என்னைப் பற்றியே யாரோ எழுதிவைத்திருப்பதைப் போல உணர்ந்தேன். அதில் படித்ததையும், பிறகு தேடிப் படித்ததையும், என்மேல் நானே சோதித்துப் பார்த்ததையும் கலந்து எழுதுகிறேன். லிஃப்ட், கரப்பான், பல்லி, இருட்டு, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு என்று தினசரி வாழ்வில் காலை இடறும் பயங்களுக்கு இது உதவும்.

முதலில், பயத்தோடு வாதாடுவதை நிறுத்துங்கள். நான் வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறேன். லிஃப்ட்டைப் பற்றி எனக்குத் தெரியாததில்லை. எலிஷா ஓட்டிஸ் என்பவர் 1854இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் தூக்கி நிறுத்திய மேடையின் மேல் தானே நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி, தடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றது. இன்றைய லிஃப்ட் ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை, பல எஃகு வடங்களில் தொங்குகிறது. அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால் பிரேக் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். இதையெல்லாம் சக ஊழியர்களுக்கு விளக்கமாகச் சொல்வேன், படியில் ஏறிக்கொண்டே.

இன்னும் கேளுங்கள். 1945இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு விமானம் மோதி, லிஃப்ட்டின் வடங்கள் அறுந்து, உள்ளே இருந்த பெட்டி லூ ஆலிவர் என்ற பெண் எழுபதுக்கும் மேற்பட்ட மாடிகள் கீழே விழுந்தார். பலத்த காயம், ஆனாலும் பிழைத்துக்கொண்டார். விமானம் மோதினால்தான் அறுகிறது, அப்போதும் பிழைக்கலாம் என்று தைரியம் சொல்லிக்கொள்ளத்தான் இதை மனதில் வைத்திருந்தேன். என் பயமோ முழுக் கதையையும் தள்ளிவிட்டு "விழுந்தது" என்ற ஒரு சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. 

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லண்டன் விலங்கியல் பூங்காவில் நச்சுப் பாம்பின் கூண்டுக் கண்ணாடியை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு, அது பாய்ந்தாலும் பின்வாங்குவதில்லை என்று சார்லஸ் டார்வின் உறுதியோடு நின்றார். பாம்பு கண்ணாடியில் மோதிய நொடியில் ஓரிரு கஜம் பின்னால் துள்ளிவிட்டார். 1872இல் வந்த தன் நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். இடையில் இருப்பது தடித்த கண்ணாடி என்பது அவர் அறிவுக்குத் தெரியும், கால்களுக்குத் தெரியவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியது கால்களுக்குத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். "லிஃப்ட் பயம்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். அது வெறும் பெயர்ச்சொல், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியம் வேண்டும், எதிர்காலத்தில் வேண்டும். என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? நான் முதலில் எழுதியது: "கயிறு அறுந்து விழும்." படித்துப் பார்த்தேன். மனம் அசையவே இல்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்: "நடுவில் நின்றுவிடும். காற்றுப் போதாமல் மூச்சு முட்டும். தெரியாதவர்கள் முன்னால் கத்திக்கொண்டு கதவை அடிப்பேன்." கடைசி வாக்கியத்தை எழுதும்போது உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்கியது. 

ஏழு வருடமாக நான் கயிற்றைப் பற்றிப் படித்ததெல்லாம் தவறான விலாசத்துக்குப் போட்ட கடிதங்கள். என் பயம் லிஃப்ட் என்ன செய்யும் என்பதல்ல, நான் என்ன செய்வேன் என்பது. உங்கள் வாக்கியமும் முதல் முயற்சியில் சரியாக வராது. உடம்பு பதில் சொல்லும் வரை அடித்து அடித்து எழுதுங்கள். கரப்பானுக்குப் பயப்படும் என் தோழி, "அது என்மேல் ஏறும்" என்பதில் தொடங்கி, "ஏறினால் அந்த அருவருப்பு என்னைவிட்டுப் போகவே போகாது" என்பதில் வந்து நின்றாள். இரண்டும் வேறு வேறு பயங்கள்.

அடுத்த வேலை ஊன்றுகோல்களைக் கண்டுபிடிப்பது. இந்த வேலைக்கு மட்டும் அவசரம் கூடாது. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பயத்தைத் தாங்குவதற்காக நீங்கள் ரகசியமாகச் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைத்தான் ஊன்றுகோல் என்கிறேன். தவிர்க்க முடியாமல் லிஃப்ட்டில் ஏறிய சில தடவைகளில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்று பட்டியல் போட்டேன்: கதவை ஒட்டி நிற்பேன், அபாய மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்திருப்பேன், கைப்பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன், மாடி எண்களை வாய்க்குள் எண்ணுவேன், கூட வருபவரிடம் "இது பழைய லிஃப்ட்டா?" என்று கேட்டு, "இல்லை, ஒன்றும் ஆகாது" என்று சொல்ல வைப்பேன். மொத்தம் பதினொன்று தேறியது. பெரிய ஊன்றுகோல், சொல்லவே வேண்டாம், மாடிப்படி.

ஒவ்வொன்றும் அந்த நேரத்துக்கு நிம்மதி தருகிறது. அந்த நிம்மதிதான் கண்ணி. பத்திரமாக வெளியே வந்ததும் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது: பாட்டில் இருந்ததால் பிழைத்தாய், விரலை வைத்திருந்ததால் பிழைத்தாய். லிஃப்ட் ஆபத்தில்லை என்று மட்டும் எழுதிக்கொள்வதே இல்லை.

இனி ஏணி: பயத்தைச் சின்னதிலிருந்து பெரியதுவரை படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக ஏறுவது. இந்த முறைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் வெளியிட்ட கட்டுரையில் முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் வருகிறான். அவன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்படி விட்டான் பையன். பிற்காலத்தில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் இதையே படிப்படியான சிகிச்சையாக வகுத்தார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

என் ஏணி இது. வாசலில் நின்று பிறர் ஏறி இறங்குவதைப் பார்ப்பது, 20. தோழி பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க, திறந்த கதவோடு உள்ளே நிற்பது, 35. அவளோடு ஒரு மாடி போவது, 50. தனியாக ஒரு மாடி, 65. தனியாக ஆறு மாடி, 80. நெரிசலில் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டு ஆறு மாடி, 90. படிகளுக்கிடையே இடைவெளி பெரிதாக இருந்தால் நடுவில் இன்னொன்றைச் செருகுங்கள். 20க்கும் குறைந்ததில் நேரத்தை வீணாக்க வேண்டாம். பயமே வராத இடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஏறுவதற்கு முன் பந்தயம் எழுத வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. எனக்குப் பலன் கொடுத்ததும் இதுதான். தனியாக ஒரு மாடி போன நாளில் எழுதியது: "கத்துவேன், கதவை அடிப்பேன். 80 சதவீதம் உறுதி." மாலை ஆறரை மணி, அலுவலகம் காலி. பாட்டிலைக் கீழேயே வைத்துவிட்டேன். உள்ளே போய்ப் பின்சுவரில் சாய்ந்தேன். கதவின் இரண்டு ரப்பர் விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும்போது மெத்தென்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பின் நகர்வதற்கு முன் ஒரு கணம் எதுவுமே நடக்காது. என் பயம் முழுவதும் அந்த ஒரு கணத்தில்தான் குடியிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. நெஞ்சு படபடத்தது, உதட்டைச் சுற்றி மரத்துப்போனது. வேகவேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து இப்படி மரத்துப்போகும், தலை சுற்றும் என்று படித்திருந்தேன். லிஃப்ட் பெட்டியில் காற்றுப் போக வர இடைவெளி உண்டு. மூச்சு முட்டியது காற்றுக் குறைவால் இல்லை. பாதத்துக்கு அடியில் தரை லேசாக மேலே தள்ளியது. கதவு திறந்தது.

வெளியே வந்து எழுதினேன்: "கத்தவில்லை. கதவை அடிக்கவில்லை. பயம் 75." கவனியுங்கள், பயம் நான் எதிர்பார்த்ததைவிடப் பத்து அதிகமாகவே வந்தது. ஆனாலும் பந்தயத்தில் பயம் தோற்றது. பயம் குறைந்ததா என்று பார்க்காதீர்கள். சொன்னது நடந்ததா என்று பாருங்கள். அன்று மாலையே இன்னும் எட்டுத் தடவை போய் வந்தேன். எட்டாவது தடவை பயம் 30, கூடவே சலிப்பு. சலிப்பு வந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்று பொருள்.

ஒரே லிஃப்ட்டில் பழகி நிறுத்திவிடாதீர்கள். நான் நிறுத்தினேன். எங்கள் அலுவலக லிஃப்ட் மட்டும் நல்லது, மற்றதெல்லாம் ஆபத்து என்று மனம் புதுச் சட்டம் போட்டுக்கொண்டது. இடம், நேரம், கூட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

"பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா" வகைப் பயத்துக்கு வழி கொஞ்சம் வேறு. அங்கே திரும்பிப் போய்ப் பார்ப்பதே ஊன்றுகோல். வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் ஒரு எரிவாயு அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். அப்படிச் சரிபார்த்தவர்களுக்குத் தங்கள் நினைவின் மேலிருந்த நம்பிக்கை குறைந்துபோனது. நினைவு கெடவில்லை, நம்பிக்கைதான் கெட்டது. பிழை திருத்துபவளுக்கு இது புதிதல்ல. ஒரே சொல்லை இருபது தடவை உற்றுப் பார்த்தால் "பூட்டு" என்பதே தவறாக எழுதியதைப் போலத் தெரியும். ஆகவே விதி இதுதான்: பூட்டை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், நடந்துவிடுங்கள். சந்தேகம் கூடவே வரும், வரட்டும். கைப்பேசியில் பூட்டைப் படம் எடுத்துக்கொள்வது தந்திரமாகத் தோன்றும். அது பாக்கெட்டில் அடங்கும் ஊன்றுகோல்.

ஊசி, இரத்தம் கண்டால் மயங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மற்றப் பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும். இவர்களுக்கோ முதலில் ஏறி, பிறகு சட்டென்று விழுகிறது. "உடம்பைத் தளர்த்திக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை இங்கே எதிராக வேலை செய்யும். லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற சுவீடன் உளவியலாளர் சொன்னது நேர்மாறானது: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து வினாடி, முகத்தில் சூடு ஏறும் வரை இறுக்குங்கள், விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி. ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்திருங்கள்.

பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையோ உறவையோ முடக்கினால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். உளவியல் நிபுணரிடம் போங்கள். திடீரென்று நெஞ்சு வலித்தால் அதைப் பயம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

கூட இருப்பவர்களுக்கு ஒன்று. "இதற்கெல்லாமா பயப்படுவார்கள்?" என்று கேட்காதீர்கள். "ஒன்றும் ஆகாது" என்றும் சொல்லாதீர்கள். அது என் பட்டியலில் இருந்த ஊன்றுகோல். "என்ன பந்தயம் எழுதியிருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பலூன் வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "சித்தி, எனக்கும் ஒரு ஏணி போட்டுக் கொடுங்கள்" என்றாள். "நீயே போடு" என்றேன். முதல் படி: அடுத்த அறையில் அம்மா ஊதாத பலூனைக் கையில் வைத்திருப்பது. மதிப்பெண் 30. நான்காவது படி: எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதிய பலூனை அவளே குண்டூசியால் குத்துவது. பந்தயம்: "அழுவேன், காது போய்விடும்." போன ஞாயிற்றுக்கிழமை குத்தினாள். பென்சிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: "அழவில்லை. காது இருக்கிறது. அம்மாதான் கத்தினாள்." பெரிய பலூனுக்கு இன்னும் மூன்று படி பாக்கி.