மதுரையில் ரூம் போட்டு நடந்தே சுற்றுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ரூம் போட்டால் மீனாட்சியம்மன் கோயில், கூடலழகர் கோயில், திருமலை நாயக்கர் மகால் எல்லாமே நடந்து போகிற தூரம்தான். அப்படியிருந்தும் பலர் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தூரத்தை விசாரிக்கிறவர்கள் நேரத்தை விசாரிப்பதில்லை.

சாவகாசமாகக் குளித்து, டிபன் முடித்து, வழியில் கடைகளையும் பார்த்துவிட்டுக் மீனாட்சியம்மன் கோயில் கோபுர வாசலுக்கு வந்தால் மணி பன்னிரண்டரை ஆகியிருக்கும், நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணி. அப்போது உள்ளே போனால் வெளியே வருவதற்குள் மகாலை மூடிவிடுவார்கள், அது மாலை ஐந்து வரைதான். விடிகாலையில் கோயில், வெயில் ஏறியபின் மகால் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். உச்சிவெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு தத்தளிக்கவும் வேண்டாம்.

கோயிலுக்குள் செல்போன் கூடாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபின் வந்த தடை இது. போனையும் செருப்பையும் எந்தக் கோபுர வாசலில் கொடுத்தீர்களோ, அந்த வாசல் வழியாகவே வெளியே வாருங்கள். நாலு பக்கமும் கோபுரம் இருப்பதால் புதிதாக வருகிறவர்களுக்குத் திசை குழம்பும். உள்ளே பிரிந்துவிட்டால் கூப்பிடப் போன் இருக்காது, குடும்பத்தோடு வருகிறவர்கள் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வைத்துவிடுவது நல்லது.

வழி கேட்கும்போது 'மாசி வீதி' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என நாலு பக்கம் உண்டு. கீழமாசிக்குப் போக வேண்டியவர் மேலமாசியில் போய் நின்றால் ஊரின் அடுத்த கோடியில் நிற்கிறார் என்று அர்த்தம். எந்த வீதி, எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தால் மேப் இல்லாமலே நடக்கலாம்.

போகிற வழியில் இருப்பதைக் கவனிக்காமல் கடந்துபோவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. காந்தி 1921 செப்டம்பரில் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில் உள்ள ஒரு வீட்டில்தான். அந்த வாசலைப் பார்க்காமலே கூட்டம் போய்க்கொண்டிருக்கிறது. 1636-இல் கட்டிய மகாலில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் நாலில் ஒரு பங்கு. மகாலைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் பத்துத்தூண் சந்துக்கும் போங்கள். பழைய அரண்மனையின் பிரம்மாண்டமான கல்தூண்கள் அங்கே ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. சேலை விலை பேசுகிற யாரும் அவற்றை அண்ணாந்து பார்ப்பதில்லை! பக்கத்திலேயே விளக்குத்தூண், ஜிகர்தண்டா கடையை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

கூடலழகர் கோயிலைப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், அங்கேயும் மதியம் நடை சாத்துவார்கள்.

வண்டியூர் தெப்பக்குளத்தையும் காந்தி மியூசியத்தையும் இந்த நடைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தெப்பக்குளம் கிழக்கே தள்ளி இருக்கிறது, மியூசியம் வைகைக்கு அக்கரையில். இரண்டுக்கும் பஸ்ஸோ ஆட்டோவோதான் சரி.