ட்ரோன் வாங்கும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பலர் செய்யும் தவறுகள்

கேமரா ட்ரோன் வாங்கக் கிளம்புகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எத்தனை கே?" என்றுதான். 4கே, 5கே என்று படத்தின் தெளிவைச் சொல்லும் எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்த பிறகே, எங்கே பறக்கவிடப்போகிறோம், எந்த வேலைக்கு, அதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்ற யோசனை வருகிறது. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். மலையும் அணையும் யானைக் காடும் அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு மாவட்டங்களில், எந்த ட்ரோன் என்பதைப் பறக்கப்போகும் இடம்தான் முடிவு செய்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு மட்டும் பறக்கவிட்டால் அதற்கும் வேண்டாம். திருமணமோ மனை விற்பனை விளம்பரமோ, கூலி வாங்கிக்கொண்டு மைக்ரோ ட்ரோனில் படம் பிடித்தால் சான்றிதழ் கட்டாயம். மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். 18 முதல் 65 வயதுக்குள் இருக்கும், பத்தாம் வகுப்பு தேறிய எவரும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெறலாம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் தமிழக அரசின் ட்ரோன் கழகமே பயிற்சி தருகிறது. எடை குறைந்தது என்பதற்காகப் பதிவு எண் வேண்டாம் என்று நினைப்பது இன்னொரு தவறு. நானோவுக்கும் அது தேவை.

எடையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 249 கிராம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, கூடவே வரும் சாதாரண பேட்டரியோடு சேர்த்துத்தான். அதிக நேரம் பறக்கட்டும் என்று அதே மாடலுக்குப் பெரிய பேட்டரியை மாட்டினால் எடை 250ஐத் தாண்டிவிடும். அந்தக் கணமே அது மைக்ரோ வகை. புரொப்பல்லர் காப்பு, கூடுதல் விளக்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்த தவறுதான் அதிகப் பணத்தை விழுங்குவது. ஓசூரிலிருந்து பெங்களூருவின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோடு ஒரு பஸ் தூரம். அங்கும் இணையத்திலும் பில் இல்லாத வெளிநாட்டு ட்ரோன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைத் தேவைகள் தவிர, முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பில் இல்லாமல் வந்த ட்ரோனுக்குப் பதிவு எண் வாங்க வழியில்லை, உத்தரவாதமும் இல்லை. கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் உடைந்தால் பழுது பார்க்க ஆள் தேடி அலைய வேண்டும். காவல்துறை பிடித்தால் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

பழைய ட்ரோன் வாங்குவதில் தவறில்லை, பார்த்து வாங்கினால். விற்பவரின் பதிவு எண்ணையும் ஜி.எஸ்.டி. பில்லையும் முதலில் கேளுங்கள். எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு ட்ரோனைக் கையில் எடுங்கள். மடக்கும் கைகளின் மூட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விழுந்து எழுந்த ட்ரோன் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினால் உள்ளே மணல் இருக்கிறது, அல்லது தண்டு வளைந்திருக்கிறது. மின்சாரம் கொடுத்ததும் கேமரா ஒருமுறை தலையாட்டிவிட்டு நேராக நிற்க வேண்டும். நடுங்கிக்கொண்டே இருந்தால் கிம்பல் பழுது. செயலியில் பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று தெரியும், அதையும் பாருங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்து, உங்கள் கணக்கில் இணைத்துப் பறக்கவிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், ஜி.பி.எஸ். இல்லாத 4கே ட்ரோன்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அவை பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள். சிறிய சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. லேசான காற்றிலேயே தள்ளாடும். படம் ஆடாமல் இருக்க மூன்று அச்சிலும் தாங்கும் கிம்பல்தான் வேண்டும்.

சொந்தமாகக் கட்ட விரும்பும் மாணவர்களை நான் மனதார வரவேற்கிறேன். பாகங்களை இறக்குமதி செய்யத் தடையில்லை. ஒரு ட்ரோனைக் கட்டியவருக்குத் தெரிவது வாங்கியவருக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போடாமல் பாகம் வாங்குகிறார்கள். பலரும் தொடங்கும் 450 மில்லிமீட்டர் ஃபிரேமையே எடுத்துக்கொள்வோம். 2212 வகை மோட்டார், 10 அங்குல புரொப்பல்லர், மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் ஒரு மோட்டார் சுமார் 800 கிராம் தூக்கும்; நான்கும் சேர்ந்து 3.2 கிலோ. தூக்கும் திறன் மொத்த எடையைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பதால், கேமரா, பேட்டரி எல்லாம் சேர்த்து 1.6 கிலோவுக்குள் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் எழும்பும், ஆனால் காற்றடித்தால் சமாளிக்காது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது புரொப்பல்லர்களைக் கழற்றி வைத்திருங்கள். மோட்டார் தவறான திசையில் சுழல்கிறதா என்பதைக் கைக்குக் காயமில்லாமல் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. லிப்போ பேட்டரியை முழு சார்ஜில் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைப்பதே சரி. உப்பிய பேட்டரியை ஒட்டுப்போட்டு ஓட்டவே வேண்டாம். தருமபுரியின் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுச் செல்வது தீயை அழைப்பதற்குச் சமம். இன்னொன்று: 250 கிராமுக்கு மேல், அந்த மாடலுக்கு அரசு தரும் வகைச் சான்று இல்லாமல் வீட்டில் கட்டிய ட்ரோன் கற்பதற்கும் பொழுதுபோக்குக்கும்தான். அதை வைத்துக் கூலி வேலை செய்ய முடியாது.

இனி இடம். திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிட்டது. ட்ரோனுக்குக் கீழே உள்ள நிலத்திலிருந்து அல்ல. தீர்த்தமலை அடிவாரத்தில் கிளப்பி மலையை நோக்கி ஓட்டினால், திரை 60 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பாறை எதிரே வந்து நிற்கும். தானாகத் திரும்பி வரும் உயரத்தை 30 மீட்டரில் விட்டுவிட்டு மலைக்குப் பின்பக்கம் போனவரின் ட்ரோன், சிக்னல் அறுந்ததும் நேர்கோட்டில் வந்து மலையில்தான் மோதும். தடை உணரும் சென்சார் இல்லாத சிறிய ட்ரோன்களில் இது நிச்சயம். பறப்பதற்கு முன் சுற்றியுள்ள மரம், மின்கோபுரம், குன்று எல்லாவற்றையும் விட அந்த உயரத்தைக் கூட்டி வையுங்கள்.

தொப்பூர் கணவாய் போன்ற இடங்களில் காற்று குன்றுகளுக்கு நடுவே நெருங்கி வேகமெடுக்கும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ள, 31 நிமிடம் என்று விளம்பரம் செய்த பேட்டரி திரும்பும் வழியில் பாதியில் தீரும். எதிர்காற்றில் போய், காற்றோடு திரும்புங்கள். மொட்டைமாடியின் கான்கிரீட் கம்பி திசைகாட்டியைக் குழப்பும். மண் தரையிலிருந்து கிளப்புங்கள். கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பில் தாழப் பறந்தால், கீழே பார்க்கும் சென்சார் அலைகளைக் கண்டு ஏமாந்து ட்ரோனை இறக்கிவிடக்கூடும். ஒகேனக்கல்லின் சாரல் மோட்டாருக்குள்ளும் கேமராவுக்குள்ளும் போகும்.

வானமும் எல்லா இடத்திலும் திறந்ததல்ல. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் வானத்தை மூன்று நிற மண்டலங்களாகப் பிரிக்கிறது: பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி வேண்டாம், மஞ்சளுக்கு வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. ஓசூரில் இருப்பவர்கள் பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதை மறக்கக் கூடாது. அந்த வரைபடத்தை வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே திறந்து பாருங்கள், முன்பணம் வாங்கிய பிறகு அல்ல.

வரைபடத்தில் பச்சை என்பதாலேயே காட்டுக்குள் பறக்கலாம் என்று எண்ணுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு சரணாலயமும் 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு சரணாலயமும் அங்கே இருக்கின்றன. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோனைப் பெட்டியைவிட்டு எடுக்கவே கூடாது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக்கூட்டம் வயலோரம் வந்துவிட்டால், அதைப் படம் பிடிக்கச் சொல்லி ஊர்க்காரர்களே அழைப்பார்கள். மறுத்துவிடுங்கள். ட்ரோனின் இரைச்சலில் மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயலில் காவலிருக்கும் குடும்பம் அந்தப் பக்கத்தில் இருக்கலாம். கூட்டம் வந்திருப்பதை வனச்சரக அலுவலகத்துக்குச் சொன்னால், விரட்டுவதா கண்காணிப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.