மீன் குழம்பும் வெள்ளை ஒயினும்: புளியை மறந்துவிடும் தவறு

மீனுக்கு வெள்ளை ஒயின் பொருந்தும் என்ற விதியை மட்டும் நம்பிப் புட்டியைத் தேர்ந்தெடுப்பதே புதுச்சேரிச் சாப்பாட்டு மேசையில் நேரும் முதல் தவறு. வெண்ணெயில் வாட்டிய மீனுக்கு அந்த விதி போதும். ஆனால் புளி கரைத்து, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு, வடகம் தாளித்து இறக்கிய சங்கரா மீன் குழம்புக்கு அது போதவே போதாது.

காரணம் நாக்கில் இருக்கிறது. புளிப்பான உணவை உண்டவுடன் அருந்தும் பானத்தின் புளிப்பு நமக்குக் குறைவாகவே தெரியும் என்பதால், குழம்பைவிடப் புளிப்பு குறைந்த ஒயின் தண்ணீர் கலந்ததுபோலச் சப்பென்று ஆகிவிடுகிறது. வறுத்த வஞ்சிரத்தின்மீது எலுமிச்சம்பழத்தைத் தாராளமாகப் பிழிந்துவிட்டு, ஒயினில் சுவையே இல்லை என்று குறைகூறுவதும் இதே தவறுதான். மறுபுறம், மிளகாயின் எரிச்சலை மதுவின் வீரியம் இன்னும் கூட்டும். சிறிது இனிப்பு அதைத் தணிக்கும். ஆகவே நம் குழம்புக்கு நல்ல புளிப்பும் இலேசான இனிப்பும் ஒருங்கே உள்ள ஒயின் தேவை. பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலிருந்து பரவி, இன்று நாசிக்கிலும் விளையும் செனின் பிளாங்க் திராட்சையில் இவ்விரண்டும் அமையக்கூடும் என்பதால், என் முதல் தேர்வு அதுவே. சோவினியான் பிளாங்க் என்ற மற்றொரு வெள்ளை ஒயினிலும் புளிப்பு உண்டு. எனினும் அது பெரும்பாலும் இனிப்பின்றியே வருவதால், காரம் மிகுந்த குழம்பைவிட உப்பும் மொறுமொறுப்பும் உள்ள நெத்திலி வறுவலுக்கே நன்றாகச் சேரும். தேங்காய்ப்பால் ஊற்றிய இறால் குழம்புக்குச் சற்றுக் கனமான ‘வியோனியே’ என்ற வெள்ளை ஒயின் பொருந்தும்.

குளிர்ச்சியிலும் கவனம் வேண்டும். அறை வெப்பநிலையில் பரிமாறலாம் என்ற அறிவுரை சிவப்பு ஒயினுக்கும் குளிர்நாட்டு அறைகளுக்கும் உரியது. மே மாதத்து 35 டிகிரி வெயிலில் அப்படி வைத்தால் மதுவின் நெடிதான் முந்திக்கொண்டு வரும். ஐஸ் கட்டி போடுவது சுவையை நீர்த்துவிடும். 8 முதல் 12 டிகிரி வரை குளிர்ந்திருந்தால் போதும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடங்கியே இருக்கும் என்பதால் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

மணத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் எண்ணுவதில்லை. ஊதுவத்தி புகையும் கூடத்திலோ, வடகம் பொரியும் அடுப்பின் அருகிலோ கோப்பையை முகர்ந்தால் கொய்யாவையும் வெட்டிய புல்லையும் நினைவூட்டும் சோவினியானின் மென்மணம் எட்டவே எட்டாது. தாளிப்பதற்கு முன்பே, கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மெல்லச் சுழற்றி முகர்ந்து, வெறும் வாயில் ஒரு மிடறு சுவைத்துக்கொள்ளுங்கள். குழம்பு ஒரு வாய் உண்டபின் அடுத்த மிடறு எப்படி மாறுகிறது என்பதை அப்போதுதான் ஒப்பிட முடியும்.